சதேனிக்கின் கற்கண்டு

“இதையெல்லாம் திரும்ப எப்போது உள்ளே வைப்பீர்கள்?”

ஆர்மீனியாவின் மலையடிவாரக் கிராமமொன்றில், பல ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு சிறுமி இப்படிக் கேட்டாள். குழி தோண்ட வந்திருந்த கூலியாள் ஒருவரின் மகள் அவள். தகப்பனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், குழியின் விளிம்பில் குந்தியிருந்து வேடிக்கை பார்த்தாள். குழிக்குள்ளே, மூவாயிரம் வருடம் பழைய ஒரு கல்லறையைத் தூரிகையால் துப்புரவு செய்துகொண்டிருந்தார், அகழ்வாராய்ச்சியாளரான சதேனிக் என்ற பெண். அது ஒரு குழந்தையின் கல்லறை. தலைமாட்டில் யாரோ வைத்துவிட்டுப் போயிருந்த சின்ன மண்குவளையை அப்போதுதான் அவர் கையில் எடுத்திருந்தார்.

சுற்றி நின்ற பெரியவர்கள் சிரித்தார்கள். சதேனிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. குவளை மியூசியத்துக்குப் போயிற்று. கேள்வி அவரோடு தங்கிவிட்டது.

அதற்குப் பிறகும் சில வருடங்கள் தோண்டினார். பின்னர் தூரிகையை வைத்துவிட்டு, கல்லுப்போலக் கனக்கும் ஒரு ஒலிப்பதிவுக் கருவியை லொறியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். துருக்கியில் நடந்த பெரும் படுகொலைக்குத் தப்பி எல்லை கடந்து வந்தவர்கள் குடியேறியிருந்த கிராமங்கள் அவை. தொட்டிலை எப்படிக் கட்டினீர்கள், ரொட்டி சுடும் அடுப்பை நிலத்தில் எவ்வளவு ஆழம் தோண்டினீர்கள், பிள்ளை தூங்க என்ன பாடினீர்கள் என்று நாற்பது வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டது மூன்று தடித்த புத்தகங்களாயிற்று. சோவியத் உடைந்தபின் நாடு மின்சாரமில்லாமல் இருளிலும் குளிரிலும் கிடந்த காலத்தில் கதிரைகளை உடைத்து எரித்தவர், அந்தப் புத்தகங்களை மட்டும் எரிக்கவில்லை. அவற்றோடுதான் மகனைத் தேடி ரொறன்ரோவுக்கு வந்தார்.

மகன் ஆர்மென் நகருக்கு வெளியே விட்பியில் பெரிய வீடு வாங்கியிருந்தார். அங்கே வந்திருக்கச் சொன்னபோது சதேனிக் மறுத்துவிட்டார். “அங்கே கார்கள்தான் வசிக்கின்றன. இங்கே எலிவேட்டரில் ஏறினால் ஏழு மொழி கேட்கிறது” என்றார். நகரத்துக்குள்ளே, சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக் குடியிருப்பில், பதினோராம் மாடியில், பழைய கல்லறைத் தோட்டத்தின் மரங்கள் தெரியும் ஜன்னலோடு தனியாக இருந்தார்.

யோகராணி கிழமையில் மூன்று காலைகள் அங்கே வேலைக்குப் போவாள். வயதானவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை. குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்து, தேத்தண்ணி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடவேண்டும். அவளும் அதே குடியிருப்பில், இரண்டு கட்டடம் தள்ளித்தான் இருந்தாள். கிழவியும் அவளும் இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். சதேனிக் அவளை ‘யோகா ஜான்’ என்று கூப்பிடுவார். ஜான் என்றால் அவர்கள் மொழியில் உயிர்.

“யோகா ஜான், இது தேநீரா, பாத்திரம் கழுவிய தண்ணீரா?”

“டொக்டர் சாயம் குறைக்கச் சொன்னவர், மிஸிஸ்.”

“டொக்டர் என்னைவிட முந்திச் சாவான். கொஞ்சம் சாயம் விடு.”

2009 வைகாசியில் ஊரில் போர் முடிந்தது. யோகராணியின் தாயும் தமக்கை இராஜேஸ்வரியும் முள்ளிவாய்க்காலுக்குள் இருந்தார்கள். சித்திரை தொடக்கத்தில் ஒரு தடவை ரெலிபோனில் பேசியது, பிறகு ஒன்றுமில்லை. கணவன் அருள்நாயகம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, போரை நிறுத்தச் சொல்லி யூனிவேர்சிற்றி அவெனியூவில் கொடியோடு நின்றிருந்தான். சனம் பெருந்தெருவை மறித்த அன்றைக்கும் போனான். கத்திக் களைத்து வந்து, சாப்பிடாமல் படுத்தான். யோகராணி போகவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். எங்கே நின்றாலும் கால் தரையில் படாத மாதிரி இருந்தது.

ஆனி மாதத்தில் ஒரு பின்னேரம் ரெலிபோன் வந்தது. முகாமிலிருந்து, யாரோ ஒருவரின் போனை வாங்கி இராஜேஸ்வரி பேசினாள்.

“தங்கச்சி, அம்மா இல்லையடி.”

“எங்கை?”

“பங்கருக்குள்ளை. காயம் பட்டு, விடியமுந்திச் சீவன் போட்டுது. அதுக்குள்ளையே மூடிப்போட்டு வந்திட்டம். வேறை என்னத்தைச் செய்யிறது?”

“எந்த இடம் அக்கா?”

“எனக்குத் தெரியேல்லையடி. பக்கத்திலை ஒரு பனை நிண்டது. பிறகு அதுவும் இல்லை.”

“என்ன திகதி?”

“திகதி ஆர் பாத்தது? இவர் போனைக் கேக்கிறார். வைக்கிறன்.”

யோகராணி போனை வைத்துவிட்டு, ஊறப்போட்டிருந்த உழுந்தைக் கழுவினாள். அருள்நாயகம் வந்து கேட்டபோது விஷயத்தைச் சொன்னாள். அவன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து குலுங்கி அழுதான். தன்னுடைய தாய்க்கு அவன் அழுவதை, வேறு யாருடைய வீட்டிலோ நடப்பதைப் பார்ப்பதுபோல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து எரிந்தது. அவளுக்கு மணக்கவில்லை. அவன்தான் எழுந்து வந்து அடுப்பை நிறுத்தினான்.

மறுநாள் காலை வழக்கம்போல சதேனிக் வீட்டுக்குப் போனாள். குசினித் தரையைத் துடைத்தாள். திரும்பவும் அதே தரையைத் துடைத்தாள். கதிரையில் இருந்தபடி சதேனிக் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேத்தண்ணி வைக்கும் நேரம் வந்தது. சதேனிக் தேத்தண்ணிக்குள் சீனி போடுகிறவர் அல்ல. சீனிக்கட்டியை முன்பல்லுக்கு இடையில் கடித்துப் பிடித்துக்கொண்டு, அதனூடாக உறிஞ்சிக் குடிப்பார். அது அவர்களுடைய பழக்கம். அன்றைக்குச் சீனிக்கட்டி முடிந்திருந்தது. யோகராணி அலுமாரிகளைத் திறந்து தேடினாள். மேல்தட்டில் ஒரு பழைய தகர டப்பா இருந்தது. உள்ளே மங்கல் மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னக் கட்டிகள். ‘இவையிட்டையும் கற்கண்டு இருக்கு’ என்று நினைத்து, இரண்டை எடுத்துக் கோப்பைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள்.

சதேனிக் பேப்பரைப் பார்த்துக்கொண்டே ஒன்றை எடுத்துக் கடித்தார். ஒரு மிடறு உறிஞ்சினார். அவருடைய கண்கள் பெரிதாயின. கையை வாய்க்குள் விட்டு எதையோ இழுத்தார். வாய் திறக்க முடியாமல் தவித்து, கடைசியில் கட்டுப்பல்லையே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பல்லில் மஞ்சள் பிசின் அப்பியிருந்தது.

“என்னைக் கொல்லப் பார்க்கிறாயா?” பல்லில்லாத வாயால் கேட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “எண்பத்து நான்கு வயதில் சாம்பிராணி தின்ற முதல் ஆர்மீனியச்சி நான்தான்.”

யோகராணி டப்பாவை மூக்கருகே கொண்டுபோனாள். சாம்பிராணியேதான். ஊர்க் கோயிலில் தூபம் போடும்போது எத்தனையோ தடவை பார்த்த கட்டிதான். ஆனால் மணம் வரவில்லை.

“குறை நினையாதேங்கோ, மிஸிஸ். எனக்குத் தெரியேல்லை.”

“மணம் பிடிக்கவில்லையா உனக்கு?”

“இல்லை. கொஞ்ச நாளா எனக்கு ஒண்டும் மணக்கிறேல்லை.”

சதேனிக்கின் சிரிப்பு நின்றது. பல்லைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார்.

“ஷூஷனும் அப்படித்தான் சொன்னாள்” என்றார். “உட்கார்.”

“அடுத்த வீட்டுக்குப் போகவேணும்.”

“உட்கார், யோகா ஜான்.”

ஷூஷன் என்பவள், சதேனிக் ஒலிப்பதிவுக் கருவியோடு போன ஒரு கிராமத்தில் இருந்த கிழவி. சிறுமியாக இருந்தபோது, படுகொலையில் இறந்த வீட்டார் எல்லோரையும் ஒரு பள்ளத்தாக்கில் விட்டுவிட்டு வந்தவள். அவளுக்கு ஒரு ஒப்பாரி தெரியும் என்று ஊரில் சொன்னார்கள். சதேனிக் மூன்று கோடைகாலம் போய்க் கேட்டும் அவள் பாடவில்லை. கடைசியில் ஒருநாள் அவளே கூப்பிட்டு, பாடுகிறேன், ஆனால் சும்மா தரமாட்டேன் என்றாள்.

“காசு கேட்டவவோ?”

“காசு கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!” என்றார் சதேனிக். “எங்களுக்கு ஒரு பெருநாள் இருக்கிறது. கோடையில் வரும். சின்னவர் பெரியவர் இல்லாமல் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றுவோம். அது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கட்கிழமை இறந்தவர்களுடைய நாள். எல்லோரும் கல்லறைக்குப் போய்ச் சாம்பிராணி போடுவார்கள். ஷூஷனுக்குப் போவதற்குக் கல்லறை இல்லை. அதனால் அவள் ஒவ்வொரு வருடமும் யாரும் வராத ஒரு கல்லறையைத் தேடிப் பிடித்து, யாரென்றே தெரியாதவருக்குச் சாம்பிராணி போடுவாள். ஏன் என்று கேட்டேன். ‘இங்கே இவருக்கு நான் போட்டால், அங்கே என்னுடையவர்களுக்கு யாராவது போடுவார்கள்’ என்றாள். நான் செத்தபிறகு இதை நீ செய், அதுதான் பாட்டின் விலை என்றாள்.”

“செய்தனீங்களோ?”

“இல்லாவிட்டால் அந்தப் பாட்டு என் புத்தகத்தில் எப்படி இருக்கும்? எங்கே இருந்தாலும் செய்திருக்கிறேன். இங்கே வந்தபிறகு, அதோ.” ஜன்னலைக் காட்டினார். “அந்த மரங்களுக்குக் கீழே ஒரு சின்னக் கல். குழந்தையுடையது. பெயர் தேய்ந்துவிட்டது. போன வருடம் வோக்கரைத் தள்ளிக்கொண்டு போய்ச் செய்தேன்.”

யோகராணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது சதேனிக் ஒரு கேள்வி கேட்டார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. யார் செத்தது என்றும் கேட்கவில்லை.

“உன்னுடைய அம்மா காலையில் எழுந்ததும் முதலில் எந்தக் கதவைத் திறப்பார்?”

“பின்கதவு” என்றாள் யோகராணி, தன்னை அறியாமல்.

“அது உள்ளே திறக்குமா, வெளியேயா?”

“வெளியிலை. மழைக்கு ஊதிப்போய் இறுகி நிக்கும். காலாலை உதைக்கவேணும். அம்மா ஒவ்வொரு நாளும் அதை ஏசிக்கொண்டுதான் உதைப்பா.”

“என்னவென்று ஏசுவார்?”

“‘சனியனே, உனக்கும் என்னிலை கோவமோ’ எண்டு.”

“பிறகு?”

“பிறகு அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டுபோய்க் கறிவேப்பிலைக்குப் போடுவா.”

“எந்தக் கையால்?”

யோகராணி யோசித்தாள். “இடக்கை. வலக்கையிலை தேத்தண்ணி வைச்சிருப்பா.”

இப்படியே கேட்டுக்கொண்டு போனார். அடுப்பு எந்தத் திசை, தண்ணீர்க் குடம் எங்கே, படுக்கும்போது தலை எந்தப் பக்கம். யோகராணிக்கு அழுகை வரவில்லை. ஆனால் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அத்தனை பதில் தன்னிடம் இருந்ததென்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. கடைசியில் அவள் சொன்னாள்: “அம்மாவை எங்கை புதைச்சது எண்டு தெரியாது, மிஸிஸ். ஒரு பனை நிண்டதாம்.”

சதேனிக் தலையை அசைத்தார். பிறகு கதிரையின் கையைப் பிடித்து எழுந்து, ஆடி ஆடிக் குசினிக்குப் போய், கழுவாமல் கிடந்த பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினார்.

“என்ன செய்யிறீங்கள்? ஏஜென்சி கண்டால் என்ரை வேலை போகும்!”

“உன்னிடமிருந்து உன் அம்மாவின் வீட்டையே கேட்டு வாங்கியிருக்கிறேன். சும்மா வாங்குவேனா? ஷூஷன் வீட்டில் மூன்று கோடைகாலம் மாவு பிசைந்தேன். நீ உட்கார்ந்து தேநீரைக் குடி.”

யாரோ தனக்காகப் பாத்திரம் கழுவும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு யோகராணி உட்கார்ந்திருந்தாள். பெரிய ஆறுதல்கள் நுழைய முடியாத இடத்துக்குள் சின்ன உபகாரம் ஒன்று நுழைந்துவிடும். அது உள்ளே வந்தது அப்போதைக்குத் தெரிவதில்லை.

அதற்குப் பிறகு யோகராணியின் வீட்டில் ஒரு பிரச்சினை எழுந்தது. தாய்க்கு ஆண்பிள்ளை இல்லை. கிரியை செய்ய வேண்டியவன் மருமகன்தான்.

“ஐயரிட்டைக் கேட்டனான்” என்றான் அருள்நாயகம். “திதி தெரியாட்டில் ஆடி அமாவாசையிலை செய்யலாமாம்.”

“எதை வைச்சுச் செய்யிறது? உடம்பும் இல்லை, சாம்பலும் இல்லை.”

“தர்ப்பையிலை உருவம் செய்யலாம் எண்டு சொல்லுறார்.”

“புல்லை எரிச்சுப்போட்டு அம்மா எண்டு சொல்லச் சொல்லுறியளோ?”

“அப்ப என்னதான் செய்யச் சொல்லுறாய்? மாமியை அப்பிடியே விடச் சொல்லுறியோ? ஒரு பிடி எள்ளுத் தண்ணி கூட இல்லாமல்? எனக்கும் அவ தாய்தானப்பா.”

“நீங்கள் செய்யுங்கோ. நான் வரேல்லை.”

அவள் கோபத்தில் சொல்லவில்லை. எதை வைத்தும் அந்த இடத்தை நிரப்ப முடியாது என்று அவளுக்குத் தோன்றிற்று. ஒரு தடவை கிரியை செய்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதென்று ஆகிவிடும். அந்தப் பனையடியைத் தேட யாரும் மிஞ்சமாட்டார்கள். அவன் கோயிலில் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். அவளை அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

யூலை தொடக்கத்தில் சதேனிக் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். ஆஸ்பத்திரிக்கு யோகராணி போனபோது, எதிர்க் கட்டடத்தின் சுவர் மட்டும் தெரியும் ஜன்னலோரம் அவர் படுத்திருந்தார். முகம் சுருங்கிப்போயிருந்தது.

“இது என்ன மாதம்?”

“யூலை, மிஸிஸ்.”

கண்களை மூடிக்கொண்டார். யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: “இந்த வருடம் நான் கடன்காரி.”

யோகராணி அவருடைய பாதங்களுக்குப் போர்வையை இழுத்துவிட்டாள். செய்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். இறந்தவர்களுக்கு ஒன்றைச் செய்வதென்று தன் வாயால் சொல்ல அவளால் முடியவில்லை.

சதேனிக் இனித் தனியாக இருக்க முடியாது என்று முடிவாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆர்மென் வீட்டை ஒதுக்க வந்தார். யோகராணியை உதவிக்குக் கூப்பிட்டிருந்தார். அவருடைய சேட் தோளிலிருந்து வயிறுவரை நனைந்திருந்தது.

“மழையோ?” என்று கேட்டாள்.

“இல்லை, தேவாலய வளவில் பிள்ளைகள் வாளியோடு ஒளிந்து நின்றார்கள். இன்று எங்களுடைய தண்ணீர்ப் பெருநாள்.” அவர் வெட்கத்தோடு சிரித்தார். “ஐம்பது வயது மனுசன் என்றுகூடப் பார்க்கவில்லை.”

யோகராணி பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தாள். இன்று ஞாயிறு. நாளைக்குத் திங்கள்.

குசினி அலுமாரியை ஒதுக்கும்போது தகர டப்பா அவள் கைக்கு வந்தது. ஆர்மென் எட்டிப் பார்த்தார்.

“என்ன அது, சீனிக்கட்டியா? பழசு போலிருக்கிறது. எறிந்துவிடலாம்.”

“நான் எடுக்கட்டுமோ?”

“எடுங்கள், எடுங்கள். அம்மாவுடைய சாமான் எது என்ன என்று எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை.”

திங்கட்கிழமை மத்தியானம், ஒரு வீட்டு வேலைக்கும் அடுத்த வீட்டு வேலைக்கும் இடையில், யோகராணி கல்லறைத் தோட்டத்து வாசலைத் தாண்டி உள்ளே போனாள். கைப்பையில் டப்பாவும், தமிழ்க் கடையில் வாங்கிய கரித்துண்டும், கடைச்சாப்பாடு வந்த அலுமினியத் தட்டும், ஒரு லைட்டரும் இருந்தன. ஆறு வருடமாக அந்த மதில் வழியாகப் பஸ்ஸுக்கு நடக்கிறாள். உள்ளே போனது இதுதான் முதல் தடவை.

மரங்களுக்குக் கீழே ஒரு சின்னக் கல் என்றுதான் சதேனிக் சொல்லியிருந்தார். அங்கே சின்னக் கற்கள் நிறைய இருந்தன. பலவற்றில் பெயர் தேய்ந்திருந்தது. ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். ஆட்டுக்குட்டி செதுக்கிய கல், பாதி புதைந்த கல், பாசி மூடிய கல். எதுவென்று தெரியவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள்.

பிறகுதான் அவளுக்கு விளங்கிற்று. ஷூஷனுக்கும் தெரியாது. சதேனிக்குக்கும் தெரியாது. யாருடையதென்று தெரியாமல் செய்வதுதானே இது.

பூவோ விளக்கோ ஒன்றுமில்லாத ஒரு கல்லின் முன்னால் குந்தினாள். கல்லின்மேல் கிடந்த சருகைக் கையால் தள்ளினாள். தட்டில் கரியை வைத்துப் பற்றவைத்தாள். காற்று இரண்டு தடவை அணைத்தது. உடம்பால் மறைத்துக்கொண்டு திரும்பவும் பற்றவைத்தாள். ஓரம் சிவந்ததும் டப்பாவைத் திறந்து ஒரு கட்டியை எடுத்து வைத்தாள்.

“இது மிஸிஸ் சதேனிக்கின்ரை” என்று மெல்லச் சொன்னாள். “ஷூஷனுக்குக் குடுக்கவேண்டியது.”

கட்டி உருகிக் குமிழ்விட்டு வெள்ளைப் புகை எழுந்தது. கல்லைச் சுற்றி, புல்லைச் சுற்றி, அவளுடைய முட்டுக்காலைச் சுற்றிப் பரவிற்று. சுற்றிவர ஒருவரும் இல்லை. மதிலுக்கு அப்பால் பஸ் போகும் சத்தம் கேட்டது.

கரி இன்னும் சிவந்திருந்தது. டப்பா மடியில் திறந்தபடி கிடந்தது. அவள் நெடுநேரம் அதைப் பார்த்தாள். ஆர்மென் எறியச் சொன்ன சாமான். எடுத்தால் கேட்பதற்கு யாருமில்லை. இன்னொரு கட்டியை விரலால் எடுத்தாள். அது அவளுடைய கையில் சற்று நேரம் இருந்தது. வலக்கையில் இருந்ததை இடக்கைக்கு மாற்றி, கரியின்மேல் வைத்தாள்.

இதற்கு யாருடைய பெயரையும் சொல்லவில்லை. அங்கே, பனை இல்லாத ஒரு இடத்தில், யாராவது குனிந்து சருகைத் தள்ளுவார்கள்.

புகை அவள் முகத்துக்கு வந்தது. முதலில் கண் எரிந்தது. பிறகு மூக்கின் உள்ளே எங்கோ ஒரு மூலையில், மிக மெல்லிதாக, மணந்தது.

கரி சாம்பலாகும்வரை அவள் எழும்பவில்லை. ஆறிய சாம்பலை இடக்கையால் அள்ளி, கல்லின் அடியில், புல் வேருக்குப் போட்டாள். தட்டைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். அடுத்த வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது. வாசலுக்கு வந்ததும் போனை எடுத்து அருள்நாயகத்துக்கு அடித்தாள்.

“அமாவாசைக்கு எத்தினை மணிக்குப் போகவேணும்?” என்று கேட்டாள். “நானும் வாறன்.”

எங்கே நிற்கிறாய் என்று அவன் கேட்டான். பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.